டாட்ஜ் குளத்து வைரஸ்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டாட்ஜ் பாண்ட் என்றொரு குளம் உண்டு. யேல் பல்கலைக்கழகத்து பெஞ்சமின் சான் அதன் தண்ணீரில் தேடியது ஒரு வைரஸை. மனிதரைத் தொடாமல், பாக்டீரியாவுக்குள் மட்டும் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளிவரும் வைரஸ். இந்த வகைக்கு ஃபேஜ் என்று பெயர்.

பெயர் புதிதல்ல. 1917இலேயே பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் தெரேல் சூட்டியது. 1919இல் சீதபேதிக்காரச் சிறுவனுக்கு அதை மருந்தாகவும் கொடுத்தார். அதற்கு முன் தானே குடித்துப் பார்த்துக்கொண்டார். பென்சிலின் வந்தபின் மேற்கு நாடுகள் ஃபேஜை மறந்தன. ஜார்ஜியாவின் திபிலிசி நகரமோ விடாமல் வைத்திருந்தது.

மறந்ததை ஏன் மறுபடி தேட வேண்டும்? மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. அவற்றில் சூடோமோனாஸ் ஏருஜினோசா பொல்லாதது. ஓட்டைப் படகில் புகும் நீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே நுழையும் ஆன்டிபயாடிக்கை வெளியே இறைத்துவிடும். அதற்கென்றே அதன் உடலில் பம்புகள் இருக்கின்றன. இது போதாதென்று, கூட்டமாகச் சேர்ந்து பசைபோன்ற படலத்துக்குள் பதுங்கிக்கொள்ளும். குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்குகிறதே, அதுவும் இப்படி நுண்ணுயிர்கள் கட்டிய படலம்தான். படலத்தின் அடியில் இருக்கும் கிருமியிடம் மருந்தின் வேகம் எடுபடுவதில்லை.

சானுடன் பணியாற்றிய பால் டர்னர் பரிணாமம் படித்தவர். எந்த ஃபேஜை ஏவினாலும், கிருமி மாறித் தப்பிக்கத்தான் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த மாற்றத்தையே ஏன் நமக்குச் சாதகமாக்கக் கூடாது? இந்தக் கதையில் நான் மிகவும் வியக்கும் இடம் இதுதான். கிருமி மாறட்டும், ஆனால் மாறினால் அதன் பலத்தையே இழக்க வேண்டும். அப்படி ஒரு ஃபேஜ் வேண்டும்.

டாட்ஜ் குளத்தில் கிடைத்தது அப்படிப்பட்டது. சூடோமோனாஸின் மருந்திறைக்கும் பம்பில், வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓபிஆர்எம் என்ற புரதத்தைப் பற்றித்தான் அது உள்ளே நுழைகிறது. பம்பை வைத்துக்கொண்டால் ஃபேஜ் கொல்லும். பம்பை மாற்றிக்கொண்டாலோ, பழைய ஆன்டிபயாடிக்கே கொல்லும். கிருமி இருதலைக் கொள்ளி எறும்பாகிவிடுகிறது. ஃபேஜுக்கு ஓஎம்கேஓ1 என்று பெயர் வைத்தார்கள். 2016இல் ஆய்வு வெளியானது.

அதே ஆண்டு ஜனவரியில் அது மனித உடலுக்குள் போனது. நெஞ்சில் பெருந்தமனிக்கு டேக்ரான் துணியாலான செயற்கைக் குழாய் பொருத்தப்பட்ட ஒரு முதியவர். குழாயின்மேல் சூடோமோனாஸ் படலம் கட்டியிருந்தது. ஆன்டிபயாடிக் அடக்கி வைத்ததே தவிர, ஒழிக்கவில்லை. மீண்டும் அறுவை செய்வதோ பேராபத்து. டேக்ரான் துண்டுகளில் வளர்த்த படலத்தின்மீது ஃபேஜை ஆய்வகத்தில் சோதித்தார்கள். பிறகு செஃப்டாசிடிம் மருந்தோடு சேர்த்து, ஒரே ஒரு முறை, அவர் நெஞ்சுக்குள் செலுத்தினார்கள்.

ஒருவருக்குப் பலித்ததை வைத்து எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஃபேஜ் தனக்குப் பொருந்திய கிருமியைத்தான் தொடும். வேறு கிருமிக்கு வேறு ஃபேஜைத் தேடித்தான் ஆக வேண்டும். ஆனால் சில வாரங்கள் கழித்து வேறொரு அவசரத்துக்காக அவருக்கு அறுவை செய்ய நேர்ந்தபோது, குழாயிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். சூடோமோனாஸ் முளைக்கவில்லை.