பூனைக்கு நுண்ணுயிர் எதிரி மருந்துகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

நுண்ணுயிர் எதிரி (ஆன்டிபயாட்டிக்) என்பது பாக்டீரியாக்களைக் கொல்லும் அல்லது அவை பெருகாமல் தடுக்கும் மருந்து. மனிதருக்காகக் கண்டறியப்பட்ட இம்மருந்துகள் பின்னர் பூனைக்கும் வந்தன. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்ற தெளிவு மட்டும் மெல்ல மெல்ல, பல பூனைகள் பட்ட பாட்டுக்குப் பிறகே கிடைத்தது.

கரிசல் வீட்டுப் பூனை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் காடுகளில் மானாவாரி வேளாண்மைதான் பிழைப்பு. கம்பும் சோளமும் குலுக்கையில் இருக்கும் வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கும் வீட்டில் பூனையும் இருக்கும். இங்கே பூனை செல்லப் பிராணி ஆவதற்கு முன்பே தானியக் காவலாளி.

அதற்கு வரும் சீழ்க்கட்டி பெரும்பாலும் கடுவன்களின் சண்டையால் வருவது. பூனையின் பல் ஊசிபோல் மெல்லியது. கடிவாய் சிறியதாகவும் ஆழமாகவும் இருக்கும். மேல்தோல் விரைவில் மூடிக்கொள்ள, வாயிலுள்ள பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். சீமைக் கருவேல முள் தைத்தாலும் இதே நிலைதான். முற்காலத்தில் மஞ்சள் பற்றுப் போடுவதைத் தவிர வழி இருக்கவில்லை. மானாவாரிப் பயிருக்கு 1901-லேயே கோவில்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903-ல். ஆயினும் சீழை உள்ளிருந்து அடக்கும் மருந்து அப்போது உலகில் எங்குமே இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுகள்

1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டார். அதை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் ஃபுளோரி, செயின், ஹீட்லி குழுவினர். 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றப்பட்டது. நான்குக்கு மட்டும் பென்சிலின் தரப்பட்டது. மறுநாள் காலைக்குள் மருந்து பெறாத நான்கும் இறந்துவிட்டன. இதே குழு பூனைகளிலும் முயல்களிலும் மருந்தைச் சோதித்தது, நச்சுத்தன்மை தென்படவில்லை.

1943-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கினிப் பன்றிகளுக்குப் பென்சிலின் கொடுத்தபோது அவை இறந்தன. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து நச்சுக் கிருமிகள் பெருகியதே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. ஓர் உயிரினத்துக்குப் பாதுகாப்பானது மற்றொன்றுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

பூனை சிறிய மனிதன் அல்ல

பூனையின் கல்லீரலில் சில வேதிப்பொருள்களைக் குளுக்குரானிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. அதனால் 1947-ல் கண்டறியப்பட்ட குளோராம்பெனிக்கால் பூனையின் உடலில் நீண்ட நேரம் தங்கி எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கிறது. நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் நுண்ணுயிர் எதிரி அல்ல. ஆனால் இதே குறையால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

1943-ல் வந்த ஸ்ட்ரெப்டோமைசின் பூனையின் உட்செவியைத் தாக்கி உடல் சமநிலையைக் கெடுக்கக்கூடியது. என்ரோஃபிளாக்சசின் கொடுக்கப்பட்ட பூனைகள் சில பார்வையிழந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்டனர். பூனைக்கு அம்மருந்தின் நாளளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இப்போது உள்ளது. டாக்சிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகிக் குழாய் சுருங்கும். எனவே மாத்திரைக்குப் பின் சிறிது தண்ணீரோ உணவோ தர வேண்டும்.

இந்தியாவில்

ஐ.நா. அமைப்புகளின் உதவியுடன் புனேக்கு அருகே பிம்ப்ரியில் 1954-ல் அரசின் பென்சிலின் தொழிற்சாலை அமைந்தது. காலப்போக்கில் இம்மருந்துகள் சிற்றூர் மருந்துக் கடைகளையும் எட்டின. கூடவே சீட்டில்லாமல் வாங்கும் பழக்கமும் பரவியது. மருந்தின் அளவு குறைந்தால் கிருமிகள் அதற்குப் பழகி எதிர்ப்பாற்றல் பெறும் என்று ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் 'சென்னைப் பிரகடனம்' எனும் செயல்திட்டத்தை வகுத்தன. 2014 மார்ச்சு முதல் ‘எச்1’ அட்டவணையில் உள்ள மருந்துகளைச் சீட்டின்றி விற்க முடியாது. விற்பனையை மூன்றாண்டுக்குப் பதிவேட்டில் காக்க வேண்டும்.

வீட்டார் அறிய வேண்டியவை

* பூனைச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. நுண்ணுயிர் எதிரி வைரஸைக் கொல்லாது. கூடுதலாகச் சேரும் பாக்டீரியாத் தொற்றுக்கே மருத்துவர் அதைத் தருவார்.
* கட்டியில் சீழை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் பலன் குறைவு.
* மருந்தின் அளவு பூனையின் எடையைப் பொறுத்தது. மனிதர் தின்று மீந்த மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துத் தரக்கூடாது.
* பூனை தெளிந்துவிட்டதென்று நாமாக நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.
* வாந்தி, தள்ளாட்டம், கண் பாவை விரிந்தே இருத்தல் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-ல் உருவானது. அதன் கீழ் 2012-ல் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கல்லூரி தொடங்கிய பின், கரிசல் பகுதியினர் மேல்சிகிச்சைக்குச் சென்னையோ நாமக்கல்லோ போக வேண்டியதில்லை. முதலில் அணுக வேண்டிய இடம் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை. மாட்டையும் ஆட்டையும் அங்கே கொண்டுபோகும் நாம், குலுக்கையைக் காக்கும் பூனையையும் ஒரு கூடையில் வைத்துக் கொண்டுபோகலாம்.