தெருவில் ஓடுற மழைத் தண்ணியை எங்கே நிறுத்தலாம்? நகரத்துக்கு நீர் வைத்தியம் பார்க்கும் நிபுணர்கள்

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறப்பு. மொட்டை மாடியில் படகுக்கும் ஹெலிகாப்டருக்கும் காத்திருந்தார்கள் மக்கள். அடுத்த நாலே வருஷத்தில், 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நாலு ஏரியும் வறண்டுபோச்சு. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் வருஷத்துக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை வாங்கும் ஊர் இது. லண்டனில் பெய்வதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல்! என்ன, லண்டனில் அது வருஷம் முழுக்கத் தூறும். இங்கே பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும்.

வெள்ளத்தையும் வறட்சியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று சொல்லும் நிபுணர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நகர்ப்புற நீர் மேலாண்மை, மழைநீர் மேலாண்மை என்பது அவர்களுடைய துறை. பெயரைக் கேட்டால் கொட்டாவி வரும். ஆனால், உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணி நிற்குமா, மே மாசம் உங்கள் வீட்டு மோட்டாரில் தண்ணி வருமா என்பதெல்லாம் இவர்கள் கையில் கொஞ்சம், இவர்கள் பேச்சை யாராவது கேட்பதில் நிறைய.

ஒரு கிரவுண்டில் ஒரு லாரி!

முதல் ஆள், வடிகால் பொறியாளர். மழையின் வேகம், இடத்தின் பரப்பளவு, அந்தத் தரை எவ்வளவு தண்ணியை வெளியே தள்ளும் என்ற விகிதம் - இந்த மூன்றையும் பெருக்குவதுதான் இவருடைய அடிப்படைக் கணக்கு.

நாமும் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்த இடத்தில் மட்டும் சுமார் 11,000 லிட்டர் விழும். மரமும் மண்ணுமாக இருக்கும் இடம் என்றால் தெருவுக்கு வருவது தோராயமாக 2,000 லிட்டர். அதையே முழுக்கக் கட்டி, மிச்சத்தில் சிமென்ட் பூசி, கார் நிறுத்த டைல்ஸும் போட்டுவிட்டால்? 10,000 லிட்டர் தெருவுக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு டேங்கர் லாரி. கோடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதே லாரிதான்.

தெரு முழுக்க எல்லா வீடும் இப்படி லாரி லாரியாகத் தள்ளினால், எவ்வளவு அகலமாக வடிகால் கட்டினாலும் ஒருநாள் பத்தாமல் போகும். அதுவும் சென்னை தட்டையான ஊர். பல இடங்கள் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் மழை பெய்தால், கூவமும் அடையாறும் தண்ணியை உள்ளே விடாமல் வாசலிலேயே நிற்கும். 2021 மழைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள், புது வடிகால்களும் நிறைய கட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல பகுதிகள் மறுபடியும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. வடிகால் வேண்டாம் என்பதல்ல இதன் அர்த்தம். வடிகாலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

மண்ணைத் தெரிந்தவர்

ரெண்டாவது ஆள், நிலத்தடி நீர் நிபுணர். இவரைக் கேட்காமல் வடிகால் தோண்டக் கூடாது என்பேன். ஏனென்றால், சென்னையின் மண் ஏரியாவுக்கு ஏரியா மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். ஊற்றினால் உறிஞ்சிவிடும். மாம்பலம், தி.நகர் பக்கம் களிமண். அது ஆச்சர்யமும் இல்லை, 1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரையே உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்னும் இருக்கிறது. வியூவும் இல்லை, லேக்கும் இல்லை! கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் அடியில் பாறை.

மணல் பகுதியில் சின்ன உறிஞ்சுகுழி போதும். களிமண்ணில் அது வெறும் குட்டையாகத்தான் நிற்கும். களிமண் அடுக்கைத் தாண்டி, தண்ணி இறங்கும் மண் வரை உறை இறக்கி மீள்நிரப்புக் கிணறு போட வேண்டும். பாறைப் பகுதியில் வேறு வழி. ஈ.சி.ஆர் ஓரத்து மணல் பகுதிகளில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டம் வந்தபோது, அங்கே குடியிருப்பவர்களே எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். தானாகவே மண்ணில் இறங்கும் தண்ணியைக் குழாய் போட்டுக் கடலுக்கு அனுப்பினால், நிலத்தடியில் நல்ல தண்ணி குறையும். அந்த இடத்தைப் பிடிக்க உப்புத் தண்ணி உள்ளே வரும்.

இதைத் தொண்ணூறுகளிலேயே வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் சேகர் ராகவன். படிப்பு இயற்பியலில் டாக்டர் பட்டம். செய்தது, பெசன்ட் நகரில் ஒவ்வொரு கதவாகத் தட்டி ‘மழைத் தண்ணியைத் தெருவுக்கு விடாதீங்க’ என்று கேட்டது. 2002-ல் சென்னையில் ‘ரெயின் சென்டர்’ தொடங்கியது. யார் வேண்டுமானாலும் போய், மழைநீர் சேகரிப்பு எப்படிச் செய்வது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்காகவே ஓர் இடம். அடுத்த வருஷமே தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. தொடர்ந்த வருஷங்களில் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. பிறகு மெதுவாக எல்லோரும் மறந்தோம். குழாய் இருக்கும், குழியும் இருக்கும். குழிக்குள் எட்டிப் பார்த்தால் சேறும் சருகும்!

தண்ணிக்கும் ஓர் இடம்

மூன்றாவது ஆள், சூழலியலாளர். தண்ணி தங்க ஏற்கெனவே இயற்கை வைத்திருக்கும் இடத்தைக் காப்பாற்றுவது இவர் வேலை. தென்சென்னையில் பல ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகும். ஒரு காலத்தில் பல மடங்கு பெரியதாக இருந்த இடம். குப்பைக் கிடங்கு, ஐ.டி கட்டடங்கள், சாலைகள் எனக் கடித்துக் கடித்துச் சுருக்கியாச்சு. அதன் மதிப்பை ஆய்வுகள் மூலம் விடாமல் சொல்லிவந்தவர்களில் முக்கியமானவர், ‘கேர் எர்த்’ அறக்கட்டளையின் இணை நிறுவனர் ஜெயஸ்ரீ வெங்கடேசன். 2022-ல் பள்ளிக்கரணை ராம்சார் தலமானது. 2025-ல் ஜெயஸ்ரீக்கு ராம்சார் விருது கிடைத்தது.

இருக்கும் இடத்தைக் காப்பது ஒரு பக்கம். இல்லாத இடத்தில் புதிதாக உருவாக்குபவர் நிலவடிவமைப்பாளர். இந்த வட்டாரத்தில் ‘ஸ்பாஞ்ச் சிட்டி’ என்ற வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர், சீனாவின் கோங்ஜியன் யூ. நகரமே ஒரு பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்து, மெதுவாக விட வேண்டும் என்பது அவர் வாதம். 2012-ல் பெய்ஜிங் வெள்ளத்தில் 79 பேர் இறந்த பிறகு அரசும் காது கொடுத்தது. 2015-ல் 16 நகரங்களில் சோதனை முயற்சி தொடங்கியது. 2025 செப்டம்பரில் பிரேசிலில் நடந்த விமான விபத்தில் யூ இறந்துபோனார்.

சிங்கப்பூரில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஓடும் காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டு கான்கிரீட் கால்வாய். ஜெர்மனியின் ஹெர்பர்ட் ட்ரைசைட்ல் குழுவின் வடிவமைப்பில், கான்கிரீட்டை உடைத்து, வளைந்து நெளிந்து போகும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். சாதாரண நாளில் குழந்தைகள் கால் நனைப்பார்கள். பெருமழை வந்தால் எச்சரிக்கை ஒலிக்கும், பூங்காவே ஆற்றுக்கு வழி விடும்.

பஞ்சுக்கும் எல்லை உண்டு. ஸ்பாஞ்ச் சிட்டி முயற்சியில் இறங்கிய செங்சோவில், 2021 ஜூலையில் ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை. சுரங்க ரயிலுக்குள் தண்ணி புகுந்து ஆட்கள் இறந்தார்கள். பஞ்சு, வடிகால், முன்னெச்சரிக்கை எல்லாமே வேண்டும் என்று நிபுணர்கள் சொல்வது சும்மா இல்லை.

பட்டம் இல்லாத நிபுணர்கள்

பெங்களூரில் எஸ். விஸ்வநாத் என்பவரின் ‘பயோம்’ அமைப்பு, நகரத்தில் 10 லட்சம் மீள்நிரப்புக் கிணறுகள் என்ற இலக்கோடு இயங்குகிறது. அந்தக் கிணறுகளைத் தோண்டுவது மண்ணு வட்டர்கள், தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் சமூகத்தினர். போர்வெல் வந்து பிழைப்பைக் கெடுத்த பிறகு, அவர்களுடைய கைத்திறனுக்கு மறுபடியும் மரியாதையும் கூலியும் கிடைக்க இது வழி செய்தது. எந்த அடியில் எந்த மண் வரும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். நம் ஊர் ஏரிகளில் மடை திறந்து வயலுக்குத் தண்ணி பிரித்துவிட்ட நீர்க்கட்டிகளும் இதே ரகம்தான். என்னைக் கேட்டால், நிபுணர் பட்டியலில் இவர்களுக்கு முதல் வரிசையிலேயே இடம் கொடுப்பேன்.

சரி, உங்கள் தெருவில் பிரச்னை என்றால் யாரைப் பிடிப்பது? சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சி (1913). கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியம் (1916). ஆறும் ஏரியும் நீர்வளத் துறை. பெரிய சாலைகளின் ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையும் வரும். தண்ணிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது, புகார் வாங்குபவருக்கு நல்லாவே தெரியும். அதனால் தெருவில் நிற்பது மழைத் தண்ணியா, சாக்கடையா என்று பார்த்துவிட்டு போன் போடுங்கள். ரெண்டும் கலந்திருந்தால், யாரோ வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதையும் சேர்த்தே புகாரில் சொல்லுங்கள்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் செப்டம்பருக்குள் அசோசியேஷனில் மூன்று கேள்வி கேட்கலாம். மாடித் தண்ணி எந்தக் குழாயில் எங்கே போகிறது? மீள்நிரப்புக் கிணற்றைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள்? முதல் மழையின் அழுக்குத் தண்ணியை வெளியேற்ற வால்வு இருக்கிறதா? வடிகட்டாத தண்ணியை நேராக போர்வெல்லுக்குள் விட யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். நிலத்தடி நீரே கெட்டுப்போகும். ஆயிரம் சதுர அடி மாடியில், சென்னை மழைக்கு, வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் தாராளமாகச் சேரும்.