வாணிகத்திலிருந்து வங்கி பிரிந்த வரலாறு: சென்னை மாகாணம், 1843–1949

1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. லண்டனில் அதன் கூட்டு நிறுவனத்தை நடத்திவந்த மக்ஃபடியன் அதற்கு இரண்டு நாள் முன்பு தற்கொலை செய்துகொண்டார். ஓய்வூதியக்காரர்கள், அரசு அலுவலர்கள், வக்கீல்கள் எனப் பலருடைய சேமிப்பு அதில் முடங்கிப்போனது. இதை 'ஆர்பத்நாட் வங்கி வீழ்ச்சி' என்று எழுதும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. ஆர்பத்நாட் உண்மையில் ஒரு வணிக இல்லம். ஏற்றுமதி இறக்குமதியும் ஏஜென்சித் தொழிலும் செய்த கூட்டாளிகள் அதே கல்லாவில் பொதுமக்களின் வைப்பையும் வாங்கிப் போட்டார்கள். வைப்புப் பணம் எது, வியாபார முதல் எது என்று பிரித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. லண்டனில் நடந்த ஊக வாணிகத்தில் இரண்டும் சேர்ந்தே கரைந்தன. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. வைப்பாளர்களின் இழப்பை அந்தத் தண்டனை ஈடுசெய்யவில்லை.

சென்னையில் அப்போது முறையான வங்கி இல்லாமலா போயிற்று? 1843இல் தொடங்கிய மதராஸ் வங்கி இருந்தது. பங்கு மூலதனத்தில் இயங்கிய அந்த வங்கிக்கு 1861 வரை பணத்தாள் வெளியிடும் உரிமையும் இருந்தது. ஆனால் 1876ஆம் ஆண்டின் மாகாண வங்கிகள் சட்டம் அதன் கைகளை இறுகக் கட்டியது. நிலத்தின் பேரில் கடன் தரக்கூடாது. நீண்ட காலக் கடன் கூடாது. அயல்நாட்டுச் செலாவணியில் இறங்கக்கூடாது. வங்கியின் பாதுகாப்புக்கு இவை நல்ல விதிகள். நிலத்தைத் தவிர வேறு சொத்தில்லாத மிராசுதாரருக்கும் குடியானவருக்கும் இதே விதிகள் வாசலை அடைத்தன.

அடைபட்ட வாசலுக்கு வெளியே மூன்று வகை அமைப்புகள் வளர்ந்தன. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு 1872இல் தோன்றியது. நிதி எனப்படும் இவ்வகை அமைப்பு, உறுப்பினரிடம் வாங்கி உறுப்பினருக்கே கொடுப்பது. இரண்டாவது, கூட்டுறவு. ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கை வழிகாட்ட, 1904இல் சட்டம் வந்தது. அவ்வாண்டே காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி பிறந்தது.

மூன்றாவது, நகரத்தார் வட்டிக்கடை. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காலனிய ஆவணங்கள் இவர்களை லேவாதேவிக்காரர் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கின. அவர்களோ உண்டியல் (ஹுண்டி எனும் மாற்றுச் சீட்டு) வாங்கி விற்றார்கள், தவணை வைப்பு ஏற்றார்கள், முதலாளி ஊரிலிருக்க ஏஜென்டை அக்கரைக்கு அனுப்பிக் கடை நடத்தினார்கள். பர்மாவின் ரங்கூனில் தங்கள் கோயிலில் கூடி 'நடப்பு வட்டி'யை நிர்ணயித்தார்கள். மற்ற வட்டிகளுக்கு அதுவே அளவுகோல். மூலதனத்தில் பெரும்பகுதி சொந்தப் பணம், உறவினர் பணம். ஆகவே நஷ்டம் வந்தால் முதல் அடி அவர்கள் வீட்டில்தான் விழும். ஆர்பத்நாட்டுக்கும் வட்டிக்கடைக்கும் இடையே நான் காணும் முக்கிய வேறுபாடு இதுவே. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன்கள் திரும்பவில்லை. அடமான நிலங்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் சேர்ந்தது. விற்க முடியாத நிலத்தைச் சொத்து என்று எழுதிக்கொண்டதால் கணக்கு நேரானதே தவிர, கையில் ரொக்கம் இல்லை.

ஆர்பத்நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களுக்காக வழக்காடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர், சுதேசி வங்கி ஒன்றுக்கு முயன்றார். தூத்துக்குடியில் வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி பதிவானதும் அதே 1906 அக்டோபரில்தான். கிருஷ்ணசுவாமி ஐயரின் முயற்சியில் இந்தியன் வங்கி 1907 மார்ச் 5இல் பதிவாகி, ஆகஸ்ட் 15இல் தொழில் தொடங்கியது. நகரத்தாரான ராமசாமிச் செட்டியார் தொடக்க இயக்குநர்களில் ஒருவர். வக்கீலின் சட்ட அறிவும் வட்டிக்கடையின் தொழிலறிவும் ஒரே மேசையில் அமர்ந்தன. பிறகு நாடார் வங்கி (1921), இந்தியன் ஓவர்சீஸ் வங்கி (1937) எனச் சமூகம் திரட்டிய பணம் பங்கு மூலதனமாக மாறியது.

ஆனாலும் வங்கி எது என்று சட்டம் நெடுங்காலம் வரையறுக்கவில்லை. 1936இல் கம்பெனிச் சட்டத் திருத்தம்தான் வங்கி என்பது வைப்பு வாங்குவதை முதன்மைத் தொழிலாகக் கொண்ட கம்பெனி என்று முதன்முறையாகச் சொன்னது. 'முதன்மை' என்ற சொல் பெரிய ஓட்டையாயிற்று. பக்கத் தொழிலாக வைப்பு வாங்குபவர்கள் அதன் வழியே நழுவினார்கள். 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி முறிந்தபோது, ரிசர்வ் வங்கி தோன்றி மூன்று ஆண்டுகள் ஆகியும் கண்காணிக்கப் போதிய அதிகாரம் அதனிடம் இல்லை.

1949ஆம் ஆண்டின் வங்கிக் கம்பெனிகள் சட்டம் அந்த அதிகாரத்தைத் தந்தது. எட்டாம் பிரிவு இன்னும் ஒன்று செய்தது: எந்த வங்கியும் நேரடியாகவோ மறைமுகமாகவோ சரக்கு வாங்கவோ விற்கவோ கூடாது, கடனுக்கு ஈடாக வந்ததை விற்றுப் பணமாக்கிக்கொள்ளலாம், அவ்வளவே. ஆர்பத்நாட்டில் ஒரே கல்லாவில் கிடந்த இரண்டு பணத்தையும் சட்டம் பிரித்துவைக்க 43 ஆண்டுகள் ஆயின.