பிறந்த நாளும் பணிநிறைவு நாளும்

ஒவ்வொரு மனிதனின் வாழ்விலும் அவன் உடனிருந்தும் சான்று கூற இயலாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது அவனது பிறப்பே. தாய் சொல்ல, உபதேசியார் எழுத, தலைமையாசிரியர் பதிய, பிறர் வாய்மொழியாலேயே நம் பிறந்த நாளை நாம் அறிகிறோம். அவ்வாய்மொழி பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒருமுறை ஏறிவிட்டால், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பணிப்பதிவேடு, ஓய்வூதியக் கோப்பு என்று வாழ்நாள் முழுவதும் அது தொடர்ந்து வருகிறது. பள்ளிகளாலும் கல்லூரிகளாலும் பெயர்பெற்ற திருச்சிராப்பள்ளியில் ஆசிரியர் இல்லாத கத்தோலிக்கக் குடும்பங்கள் குறைவு. அத்தகைய ஆசிரியர் ஒருவரின் பதிவில் பிறந்த நாள் பிழையாக இருப்பின், அதைத் திருத்துவது எப்போது நீதியாகும், எப்போது பிறருக்குச் சுமையாகும் என்பதை வரலாற்றின் துணையோடு ஈண்டுச் சிந்திப்போம்.

திருவரங்கத்து ஆசாரியர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த திருவரங்கத்தில், வைணவ ஆசாரியர்களின் பிறந்த நாளை மாதமும் நட்சத்திரமும் கொண்டே கொண்டாடுகின்றனர். 'உடையவர்' எனப் போற்றப்படும் இராமானுசர் பிங்கள ஆண்டு, சித்திரைத் திங்கள், திருவாதிரையில் பிறந்தார் என்பது மரபு. ஆண்டுதோறும் அந்நட்சத்திரம் திரும்பி வரும். ஆங்கிலத் தேதி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். விழாவுக்கு நட்சத்திரம் போதும். வயதைக் கணக்கிடுவதற்கோ ஆண்டும் வேண்டும். தமிழாண்டுப் பெயர்களோ அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. 1017ஆம் ஆண்டும் பிங்களமே. 1077ஆம் ஆண்டும் பிங்களமே. மரபு அவர் பிறப்பை 1017 என்றும் வாழ்நாளை 120 ஆண்டுகள் என்றும் கொள்கிறது. அக்கால நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு நோக்கிய ஆய்வாளர் சிலர், அவர் பிறப்பை 1077 அளவில் வைக்கின்றனர். அடியார்கள் சித்திரைத் திருவாதிரையைக் கொண்டாடுவதற்கு இவ்வாராய்ச்சி எவ்வகையிலும் தடையாகவில்லை.

போதகரின் பிறப்பாண்டு

கிறிஸ்தவ உலகிலும் இத்தகைய சிக்கல் ஒன்று உண்டு. உரோமையில் வாழ்ந்த தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் என்னும் துறவி, 525ஆம் ஆண்டு பாஸ்காத் திருநாள் அட்டவணையை வகுத்தபோது, ஆண்டவரின் பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணத் தொடங்கினார். நாம் இன்று எழுதும் கி.பி. ஆண்டு அவர் கணக்கில் பிறந்ததே. ஆனால், ஏரோது அரசனின் நாள்களில் இயேசு பிறந்தார் என்று மத்தேயு நற்செய்தி கூறுகிறது. அவ்வரசன் கி.மு. 4இல் இறந்தான் என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிபு. எனவே, 'போதகரே' என்று சீடர் அழைத்த இயேசுவின் பிறப்பு அதற்கும் முந்தியதாதல் வேண்டும். இப்பிழை தெரிந்த பின்னரும் ஆண்டுக்கணக்கை எவரும் மாற்றவில்லை. அரச ஆணைகளும் நிலப்பத்திரங்களும் கோடானுகோடி மக்களின் வயதும் அந்தக் கணக்கின்மேலேயே நிற்கின்றன. உண்மையை நூல்களில் எழுதிவைத்தனர், கணக்கை விட்டுவைத்தனர். காலங்கடந்த திருத்தம் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பங்கு ஏடுகள்

அரசுகள் பிறப்பைப் பதியத் தொடங்குமுன்பே திருச்சபை அப்பணியை மேற்கொண்டது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குகளில் ஏடுகள் பேணப்பட வழிவகுத்தது. திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பர் 1614இல் வெளியிட்ட உரோமைச் சடங்குநூல் அவற்றின் முறையை வரையறுத்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 877ஆம் விதியில், திருமுழுக்கு நாளோடு பிறந்த நாளையும் இடத்தையும் குறிக்கப் பணிக்கிறது. இந்தியாவில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் ஒன்று 1886இல் வந்தது. திருச்சி மறைமாவட்டம் நிறுவப்பெற்றதும் அதே ஆண்டில்தான். சென்னை மாகாணத்துக்கெனத் தனிச் சட்டம் 1899இலும், நாடு முழுமைக்குமான சட்டம் 1969இலும் பிறந்தன.

ஆயினும், பங்கு ஏட்டைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். திருமுழுக்கு அளித்த நாளுக்கு அந்த ஏடு நேரடிச் சான்று. பிறந்த நாளைப் பொறுத்தவரை, பெற்றோர் அன்று கூறியதற்கே அது சான்று. இரண்டு நாள்களையும் மாற்றிப் படித்தவர்களும் உண்டு. இருப்பினும், குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் எழுதப்பட்ட சொல், ஐந்தாண்டு கழித்துப் பள்ளி வாயிலில் நினைவிலிருந்து கூறப்பட்ட சொல்லைவிட நம்பத்தக்கது என்பதில் ஐயமில்லை.

ஜூன் முதல் நாள்

பள்ளி வாயிலில் நிகழ்ந்தது என்ன? எழுதப்படிக்கத் தெரியாத பெற்றோர், 'வெள்ளம் வந்த வருடம்', 'சவேரியார் திருநாளுக்கு அடுத்த வாரம்' என்றே கூறுவர். திருச்சியில் வெள்ளம் என்றால் 1924ஆ, 1977ஆ என்று கேட்டறிய வேண்டும். குழந்தை வலக்கையைத் தலைமேல் வளைத்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்ததாகக் கொள்வதும் வழக்கம். பள்ளி திறப்பது ஜூனில். ஆகவே ஐந்து வயது நிறைவுறும்படி ஜூன் மாதத்திலோ அதற்குச் சற்று முன்போ ஒரு நாளைத் தலைமையாசிரியர் எழுதிவிடுவார். குழந்தைக்கு ஓர் ஆண்டு வீணாகாதிருக்கவே அவர் அவ்வாறு செய்தார்.

அதன் விளைவை ஒரு கணக்கால் காண்போம். 1966 நவம்பர் 20இல் பிறந்த குழந்தை, 1971 ஜூனில் பள்ளியில் சேர்வதற்காக 1966 ஜூன் 1இல் பிறந்ததாகப் பதியப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அக்குழந்தை வளர்ந்து ஆசிரியராயிற்று. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. வயது நிறைவுறும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு என்பது விதி; மாதத்தின் முதல் நாளில் பிறந்தவருக்கோ முந்திய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு. எனவே, பதிவின்படி அவர் 2026 மே 31இல் பணிநிறைவு பெறவேண்டும். உண்மைப் பிறந்த நாளின்படி 2026 நவம்பர் 30 வரை பணி உண்டு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வுபெறும் ஆசிரியருக்கு, மாணவர் படிப்பு தடைப்படாதிருக்க, அக்கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் அளிக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே, வகுப்பறையில் ஏறக்குறைய ஓர் ஆண்டையே அவர் இழக்கிறார். மகளின் திருமணத்தையோ வீட்டுக்கடனையோ எதிர்நோக்கியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

ஐந்தாண்டு எல்லை

அவ்வாறாயின், ஓய்வுக்கு முன் விண்ணப்பித்துத் திருத்திக்கொள்ளலாகாதா? பணியில் சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு அரசுப் பணியாளர் விதிகள் வகுத்த எல்லை. மத்திய அரசும் 1979இல் இதே எல்லையை வகுத்தது. திருத்திய நாளின்படி அவர் அன்று தேர்வெழுதவோ பணியில் சேரவோ தகுதியற்றவராக இருந்திருத்தல் கூடாது என்றும் மத்திய விதி கூறுகிறது. வயதைக் கூட்டிப் பெற்ற நன்மையை வைத்துக்கொண்டே, குறைத்துப் பெறும் நன்மையையும் கேட்கலாகாது என்பதே அதன் உட்பொருள்.

பணியின் இறுதிக் காலத்தில் எழும் இக்கோரிக்கைகளை 1993, 1994 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்குகளிலும் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவர் பணியில் நீடித்தால், அவருக்குக் கீழே பதவி உயர்வுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் சங்கிலித் தொடராகப் பாதிக்கப்படுவர் என்று அது சுட்டிக்காட்டியது. தரைப்படைத் தலைவராக இருந்த ஜெனரல் வி.கே. சிங், தம் பிறப்பாண்டு 1950 அன்று, 1951 என்று வாதிட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றார். 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அவ்வாண்டு மே 31இல் ஓய்வுபெற்றார். படைத்தலைவருக்கு இல்லாத சலுகை பள்ளி ஆசிரியருக்குக் கிட்டுவது அரிது.

இது கடுமையாகத் தோன்றலாம். தன் உண்மை வயதைக் கேட்பவர் பொய்யர் அல்லர். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால், அவர் பெறும் ஆறு மாதங்கள் வேறு எவரிடமிருந்தோ எடுக்கப்படுகின்றன. துணைத் தலைமையாசிரியர் ஒருவர் பதவி உயர்வு காணாமலே ஓய்வு பெறக்கூடும்; தகுதித் தேர்வில் தேறிக் காத்திருக்கும் இளைஞர் ஒருவருக்கு மற்றுமோர் ஆண்டு கழியக்கூடும். இளமையில் கேட்கும் திருத்தம் உண்மைக்குச் செய்யும் தொண்டு. முதுமையில் கேட்பதோ அயலாரின் தட்டிலும் கைவைக்க நேரும்.

2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் அரசுப்பணி வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கு ஆதாரம். காதைத் தொட்டு வயது கண்ட காலம் இனி வராது. எனினும், முன்னர்ப் பிறந்தோர் பலர் இன்றும் பணியில் உள்ளனர். பணியில் புதிதாகச் சேர்வோரும் உள்ளனர். இளம் ஆசிரியர்கள் முதல் ஐந்தாண்டுகளுக்குள் பங்கு ஏடு, பிறப்புப் பதிவு, பணிப்பதிவேடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. பெற்றோர் குழந்தையின் பெயரையும் நாளையும் எழுதும்போது, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்களாக. அறுபது ஆண்டுகளுக்குப் பின் வரும் வழக்கை அந்த ஒரு நிமிடம் தவிர்க்கக்கூடும்.