மித்திரனும் துரோகமும்

தராசில் கை வைக்கும் கடைக்காரனை நாம் துரோகி என்று சொல்வதில்லை. அவன் ஏமாற்றுக்காரன். பஸ்ஸில் பணப்பையை உருவியவன் திருடன். இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவன் அதே பணப்பையை எடுத்தால் மட்டும் நாக்கு வேறு சொல்லுக்குப் போகிறது: “துரோகம் பண்ணிட்டான்.” இழந்த தொகை குறைவாக இருந்தாலும் சொல் அதேதான். எவ்வளவு போயிற்று என்று இந்தச் சொல் பார்ப்பதில்லை, யார் எடுத்தது என்றே பார்க்கிறது.

யாங்கூன் நகரின் வடமேற்கு விளிம்பில், லைங் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் ஷ்வேப்யிதா இந்தச் சொல்லை ஆராய ஏற்ற இடம். ஷ்வே பொன், ப்யி நாடு, தா இனிமை. பொன்னாட்டின் இனிமைக்கும் அங்கே குடியேறியவர்களின் கதைக்கும் தொடர்பு அதிகம் இல்லை. 1980களின் பிற்பகுதியில் வயல்வெளியை மனைகளாகப் பிரித்து எழுப்பிய துணைநகரம் அது. 1988 கிளர்ச்சிக்குப் பிறகு நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களை இப்படிப்பட்ட புதுநகர்களில்தான் ராணுவ அரசு கொண்டுவந்து இறக்கியது. பிறகு தொழிற்பேட்டை வந்தது, ஆற்றுக்குப் பாலம் வந்தது. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.4 லட்சம் பேர். ஊர் புதிது, அக்கம்பக்கம் புதிது. சொந்தக்காரர்கள் வேறு திசைகளில் சிதறிக் கிடக்க, அடுத்த மனைக்காரரே அவசரத்துக்கு ஓடிவரும் மனிதர். அங்கே பழைய சிநேகிதம் என்றால் பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வருடத்துச் சிநேகிதம்.

பர்மிய மொழியில் நண்பனுக்கு ‘தங்கெஜின்’ என்று பெயர். முன்பாதிக்குச் சிறுபிள்ளை என்று பொருள், பின்பாதி ‘ஒருவருக்கொருவர்’ என்னும் உறவைக் குறிப்பது. சேர்ந்து சிறுபிள்ளையாக இருந்தவர்கள். நாம் ‘சின்ன வயசுக் கூட்டாளி’ என்று இரண்டு மூன்று சொல்லால் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் மரியாதையான சொல் ‘மெய்ட்ஸ்வே’. அதன் பின்பாதி சுற்றத்தைக் குறிக்கும் பர்மியச் சொல். முன்பாதி பாலியின் ‘மித்த’, அதாவது நம்முடைய மித்திரன். 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரனின் அதே மித்திரன்தான்.

இந்த மித்திரனுக்குத் தொடக்கத்தில் நண்பன் என்ற பொருள் இல்லை. ஒப்பந்தம் என்பதே பழைய பொருள். ஈரானிய அவெஸ்தா மொழியில் ‘மித்ர’ இன்றும் அந்தப் பொருளோடு நிற்கிறது; ஒப்பந்தத்தைக் காக்கும் தெய்வத்துக்கும் அதே பெயர். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் ஹிட்டைட் அரசனும் மிதன்னி அரசனும் உடன்படிக்கை செய்துகொண்டபோது சாட்சிக்கு அழைக்கப்பட்ட தெய்வங்களில் மித்ரனும் வருணனும் உண்டு. சாட்சி வைத்துச் செய்த உடன்பாட்டின் பெயர் மெல்ல அந்த உடன்பாட்டில் இருப்பவனுக்கு ஆகி, கடைசியில் நண்பனுக்கு ஆயிற்று.

துரோகத்தின் கதை இதற்குப் பக்கத்திலேயே நடக்கிறது. வடமொழியில் ‘த்ருஹ்’ என்பது வேர்ச்சொல்: தீங்கு நினை, பகை செய். அவெஸ்தாவில் அதன் உடன்பிறப்பு ‘த்ருஜ்’, பொய். பாரசீக மன்னன் டேரியஸ் பெஹிஸ்துன் மலைப்பாறையில் தன் எதிரிகளைப் பற்றி வெட்டிவைத்த கல்வெட்டில் ‘த்ரௌக’ என்னும் பொய்தான் நாட்டைக் கெடுத்த முதற்குற்றவாளி. மித்ரனையும் த்ருஹையும் சேர்த்துக் கட்டிய கூட்டுச்சொல் இரண்டு மொழிகளிலும் கிடைக்கிறது. அங்கே அது ஒப்பந்தத்துக்குப் பொய்யானவனைக் குறித்தது, இங்கே மித்ரத்ரோகி ஆயிற்று. கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் வில்லைக் கீழே போடச் சொல்லும் காரணங்களில் மித்ரத்ரோகமும் ஒன்று. ஆக நண்பனும் துரோகமும் நேற்றுச் சேர்ந்த ஜோடி இல்லை.

தமிழ்நாட்டுக் கல்லில் இந்தச் சொல்லைப் பார்க்க வேண்டுமானால் காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குப் போக வேண்டும். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987 வாக்கு. கொன்றவர்களை அது துரோகிகள் என்றே குறிக்கிறது. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு ரவிதாசன் பெயர் தெரிந்திருக்கும். கல்கி அவனை இருட்டுக் காட்டில் சதி செய்பவனாக்கினார். கல்வெட்டில் அவனுடைய பெயரோடு பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டமும் வருகிறது. அவன் சகோதரன் பரமேசுவரனுக்கு இருமுடிசோழ பிரமாதிராசன் என்ற பட்டம். இருமுடிசோழன் சோழ மன்னர் தாங்கிய பெயர். தன் பெயரைச் சேர்த்துப் பட்டம் கொடுத்து வைத்திருந்த அதிகாரிகள் கைதான் இளவரசன் மேல் விழுந்தது. எதிரி கொன்றிருந்தால் கல்வெட்டு வேறு சொல்லைத் தேடியிருக்கும்.

ஆனால் அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது கொலைவழக்கின் தீர்ப்பு இல்லை, நிலப்பத்திரம். துரோகிகளுடைய நிலத்தோடு அவர்களின் உடன்பிறந்தார், பிள்ளைகள், பெண்கொடுத்தவர், பெண்எடுத்தவர் நிலத்தையும் சேர்த்துப் பறித்து விற்கச் சொன்ன உத்தரவும், அப்படி விற்ற நிலம் கோயில் அறத்துக்குப் போன கணக்கும்தான் அதில் உள்ளவை. துரோகம் என்ற சொல் அங்கே நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

துரோகம் என்ற சொல் வராத காலத்துத் தமிழில் என்ன இருந்தது? ‘இரண்டகம்’ இருந்தது. இரண்டு என்ற எண்ணில் பிறந்த சொல். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கலாமா என்று கிராமத்தில் இன்றும் கேட்பார்கள். துரோகத்தைவிட அழகான சொல், ஆனால் மேடையேறவில்லை. திருக்குறளிலோ நட்புக்கு மட்டும் தொடர்ச்சியாக ஐந்து அதிகாரங்கள், 79 முதல் 83 வரை. அதில் 81ஆம் அதிகாரம் ‘பழைமை’, பழைய நட்பைப் பற்றியே பேசுவது. அதன் மையத்தில் ‘கெழுதகைமை’ என்றொரு சொல் இருக்கிறது. பழகிய உரிமையால், நம்மைக் கேட்காமலே நம் பொருளிலும் காரியத்திலும் நண்பன் கை வைப்பது. அப்படிச் செய்வதை மகிழ்ந்து ஏற்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். நோகும்படி செய்தால்கூட, ஒன்று அறியாமை, அல்லது மிகுந்த உரிமை என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். உடனே அடுத்த அதிகாரம் தீ நட்பு, அதற்கடுத்தது கூடா நட்பு. இந்த வரிசை எனக்கு எப்போதும் கொஞ்சம் குறும்பாகவே படும். கேட்காமல் எடுப்பதுதான் கெழுதகைமை. கேட்காமல் எடுப்பதுதான் துரோகமும். பார்வைக்கு இரண்டும் ஒரே செயல். எது எது என்று தீர்மானிக்கும் பொறுப்பை எடுத்தவனிடம் விடாமல் இழந்தவனிடம் விட்டுவிட்டார் ஆசான்.

வெள்ளைக்காரன் சட்டம் அந்தப் பொறுப்பை நீதிபதியிடம் கொடுத்தது. 1860இன் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 405 நம்பிக்கை மோசடியை விளக்குகிறது, 406 தண்டிக்கிறது, 420 ஏமாற்றுக்கு உரியது. 1937 வரை பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்ததால் அதே சட்டம், அதே எண்களோடு அங்கேயும் தங்கிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதிய நியாயச் சட்டம் வந்து, ஏமாற்று 318க்கும் நம்பிக்கை மோசடி 316க்கும் மாறிவிட்டன. சென்னையில் ‘ஃபோர் ட்வென்ட்டி’ இப்போது வெறும் வசவு. யாங்கூனில் அது இன்னும் சட்டம்.

அதே சட்டநூலின் 124ஏ பிரிவுதான் ‘ராஜத்துரோகம்’ என்ற பெயரோடு தமிழ்ப் பத்திரிகைகளுக்குள் வந்தது. 1908இல் வ.உ.சி.யைத் திருநெல்வேலியில் தண்டித்ததும், அதே ஆண்டில் திலகரைப் பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பியதும் அந்தப் பிரிவே. ராஜா போனபின் தேசத்துரோகம் வந்தது. இலங்கையில் அதற்கும் மேலே போயிற்று. 1975இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டதிலிருந்து துரோகி என்பது பட்டமாக இல்லாமல் தீர்ப்பாகவே ஆகிவிட்டது. புலிகளின் துணைத் தலைவராக இருந்த மாத்தையா, பிரபாகரனின் பழைய தோழர், 1994இல் தன் இயக்கத்தின் கையாலேயே அந்தத் தீர்ப்பைப் பெற்றார். நெருங்கி இருந்தவனுக்கே இந்தச் சொல் என்ற உடையார்குடி இலக்கணம் அங்கேயும் தப்பவில்லை.

பர்மியர்கள் த்ரோகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய சொல் ‘தித்ஸா பௌக்’. தித்ஸா பாலியின் ‘சச்ச’, நம் சத்தியம். நமக்குப் போலவே அவர்களுக்கும் அது உண்மை என்பதோடு நிற்காமல், தலையில் அடித்துச் செய்து கொடுக்கும் சத்தியமாகவும் ஆகிவிட்டது. பௌக் என்பது துளைப்பது. சத்தியத்தில் ஓட்டை போடுவது. கூட இருந்தே குழி பறிப்பது என்று நாம் சொல்வதற்கு வெகு அருகில் வருகிறது. 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு யாங்கூன் புறநகர்களில் இதைவிட அதிகம் கேட்ட சொல் ‘தலான்’. ராணுவத்துக்குத் தகவல் சொல்பவன். நம் ஊர்ப் பேச்சில் ஆள்காட்டி. (ஆள் வந்தால் கத்திக் காட்டும் குருவிக்கும் அதே பெயர், பாவம், அது எச்சரிக்கத்தான் கத்துகிறது.) வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியின் பெயரைக்கூட வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய விதியை அந்த மாதமே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் தலான் யாராகவும் இருக்கலாம். தித்ஸா பௌக் ஆவதற்கு முதலில் சத்தியம் செய்தவனாக இருக்க வேண்டும்.

ஷ்வேப்யிதா போன்ற இடத்தில் அந்தச் சத்தியம் பெரும்பாலும் மனையைப் பற்றியது. 1982 குடியுரிமைச் சட்டத்தின் கீழ் முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை வழங்கப்பட்டவர்களுக்குப் பச்சை. பர்மாவிலேயே பிறந்தும் இவற்றில் எதுவும் கிடைக்காமல் வெளிநாட்டவர் பதிவுச் சான்றோடு, அதாவது ‘எஃப்.ஆர்.சி.’யோடு வாழ்ந்த தமிழர்கள் உண்டு. வெளிநாட்டவருக்கு அசையாச் சொத்தை விற்கவோ கொடுக்கவோ கூடாது என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அப்படிப்பட்டவர் காசு சேர்த்து ஒரு மனை வாங்க நினைத்தால் இளஞ்சிவப்பு அட்டை உள்ள சிநேகிதன் பெயரில்தான் வாங்க முடியும். நம் ஊரில் பினாமி என்கிறோமே, பாரசீகத்தில் பெயர் இல்லாதது என்று பொருள், அதுதான். பத்திரத்தில் பெயர் அவனுடையது, பணம் இவருடையது. நடுவில் இருப்பது தித்ஸா.

மனைவிலை ஏறுகிறது. சிநேகிதனுக்கு மகன் கல்யாணம் வருகிறது, கடன் வருகிறது, அல்லது அவன் இறந்துபோய்ப் பிள்ளைகள் பத்திரத்தை மட்டும் படிக்கிறார்கள். மனை கைமாறுகிறது. 406இல் வழக்குப் போடலாமே என்று தோன்றும். ஆனால் அந்தப் பிரிவில் முதலில் நிரூபிக்க வேண்டியது, சொத்து என்னுடையது, நம்பி ஒப்படைத்தேன் என்பது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட நிமிடமே, 1987 சட்டத்தை மீறியதாகத் தானே வாக்குமூலம் கொடுத்தாயிற்று. அந்தச் சட்டத்தில் அதற்குச் சிறையும் உண்டு, மனையைப் பறிமுதல் செய்வதும் உண்டு. உடையார்குடியில் நிலத்தை இழந்தவர்கள் துரோகிகள். இங்கே புகார் கொடுத்தால் நிலம் போவது துரோகம் செய்யப்பட்டவருக்கு.