கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோவும் சூட்டு ஸ்டார்ட்டிங் கோளாறும்

நன்றாக ஓடிய பழைய கார், அணைத்த சில நிமிடங்களில் மறுபடி கிளம்ப மறுப்பதே இந்தக் கோளாறு. உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கம் உள்ளன. எஞ்சின் நின்றதும் விசிறிக் காற்றும் நிற்க, அந்தக் குழாயின் சூட்டில் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிகிறது; இதுவே ஓவர்ஃப்ளோ. சுமை லாரிகளுக்குப் பின்னால் ஊர வேண்டிய கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் இந்தச் சூடு இன்னும் ஏறும். கடலோர ஈரத்தால் டேங்கில் துருப்பிடித்து, அத்தூள் ஊசி வால்வில் சிக்கினால் குளிர்ந்த எஞ்சினிலும் பெட்ரோல் வழியும்.

கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே சரியான தொடக்கம். பலர் இதைத் தவிர்த்து வீண்செலவு செய்கிறார்கள். பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஓவர்ஃப்ளோ. காய்ந்திருந்தால் பம்பிலோ பைப்பிலோ ஆவி அடைத்திருக்கலாம். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் கார் கிளம்பினால் அது உறுதி. தீப்பொறியே வராவிட்டால் சூட்டில் செயலிழக்கும் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கலாம். ஓவர்ஃப்ளோ என்று தெரிந்தால் மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டையானது.

ஓவர்ஃப்ளோ ஆன காரில் சோக்கை இழுக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் காற்று புகுந்து அதிகப்படியான பெட்ரோல் வெளியேறும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் விட்டு விட்டு மிதிப்பது, ஆக்சிலரேட்டர் பம்ப் வழியே மேலும் பெட்ரோலை ஊற்றிவிடும். கார்புரேட்டருக்கு அடியிலுள்ள பேக்லைட் தட்டு சூட்டைத் தடுப்பது. பழுது பார்க்கையில் அதை விட்டுவிடக் கூடாது.