ஓசூர் நம் மாவட்டத்தில் இருந்தபோது



ஓசூர் ஒரு காலத்தில் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது என்று சொன்னால் நம் குடியிருப்புப் பிள்ளைகள் நம்புவதில்லை. 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து நம் மாவட்டம் பிரிந்தபோது கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் நம்மோடுதான் இருந்தன. பின்தங்கிய பகுதி என்று அங்கே சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஒவ்வொன்றாக வந்தன.

எண்பதுகளில் நான் அங்கே ஒரு வங்கியில் கிளார்க். கேழ்வரகு விற்றுப் பயிர்க்கடன் கட்டிய குடும்பத்துப் பையன்கள், தொழிற்சாலைச் சம்பளத்துக்காக முதல்முதலாகச் சேமிப்புக் கணக்கு தொடங்கியதை என் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். பாஸ்புக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆகவே ஆலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போய்விட்டன. தென்பெண்ணை மட்டும் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. கர்நாடகத்தில் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை தாண்டி, ஆடிப்பெருக்குக்கு நாம் போகிற இருமத்தூர் வழியாக சாத்தனூருக்குப் போகிற ஆறு அது. கெலவரப்பள்ளியில் தண்ணீர் திறந்தால் வெள்ளை நுரை மலைபோல் எழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆலைக் கழிவு என்று உடனே சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீரும் இந்த ஆற்றில்தான் கலக்கிறது. அந்த ஏரிகளில் சேர்வதில் பெரும்பகுதி வீட்டுச் சாக்கடை. நம்முடையதைப் போன்ற அடுக்குமாடி வீடுகளின் சோப்புத் தண்ணீர்!

வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி எழும்: இந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது? நமக்குப் பக்கத்து வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளின் லாபத்தில் பாலாறு கெட்ட செலவு கழிக்கப்படவே இல்லை. அது விவசாயியின் கிணற்றில் பற்று எழுதப்பட்டது. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. தோல் தொழில் அந்நியச் செலாவணி தருகிறது, வேலை தருகிறது என்பதை ஒப்புக்கொண்டே அப்படிச் சொன்னது. வழக்கு அத்தோடு முடியவில்லை. 2025 ஜனவரியில், அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 வருடம். வட்டி போட்டுப் பாருங்கள்.

இப்போது அதகப்பாடி, தடங்கம் பக்கம் நமக்கே சிப்காட் வருகிறது. வரட்டும். தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பையோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் நம் நிலத்தடி நீரில் ஏற்கனவே புளூரைடு. அது பாறை தந்தது, ஆலை தந்ததல்ல. பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியுமாக ஒரு தலைமுறை வாழ்ந்த பிறகுதான், ஜப்பான் கடனோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் குடிநீர் 2013-இல் வந்தது. ஏற்கனவே நஷ்டத்தில் ஓடுகிற கணக்கு இது. ஆகவே எந்த ஆலை வருகிறது, தண்ணீர் எங்கிருந்து எடுக்கும், கழிவை எங்கே விடும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். இத்தகைய திட்டங்களுக்கு 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை மக்கள் கருத்துக் கேட்பு என்று ஒன்று வைத்திருக்கிறது. அப்படிக் கூட்டம் நடந்தால் ஒரு வேனில் போகலாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

போகும் முன் ஒன்று. நம் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி மோட்டார் பழுதாகி நான்கு மாதம். தண்ணீர் நேராகப் பின்பக்க ஓடைக்குப் போகிறது. பராமரிப்புக் கட்டணத்தை வீட்டுக்கு 150 ரூபாய் உயர்த்தும் தீர்மானம் இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டது. அடுத்த பொதுக்குழுவில் அது மூன்றாவது பொருளாக வருகிறது. அவசியம் வாருங்கள்.